ஆர்மிந்தாவின் இரண்டாவது நாவல்

கோச்சபம்பாவிலிருந்து ஒருரோவுக்குப் போகும் மலைச்சாலையில், கோன்ஃபித்தால் மேட்டில், காலை பத்து மணிக்கு வேன் நின்றது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றுக்கும் அப்பால் சாலையில் பாறைகளை உருட்டிப் போட்டிருந்தார்கள். எரியும் டயரின் புகை கறுப்பாக எழுந்து காற்றில் சாய்ந்தது. ஓட்டுநர் செனோன் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"மறியல். டீசல் வந்து சேர்ற வரைக்கும் ஒரு கல்லைக்கூட நகத்த மாட்டாங்களாம். பின்னாடியும் அடைச்சுட்டாங்க. முன்னாலயும் போக முடியாது, திரும்பவும் முடியாது."

"எத்தனை நாளைக்கு?" என்றார் ரோமுலோ.

"நானும் கேட்டேன். உனக்கு அவசரம்னா நடந்து போன்னு ஒரு அம்மா சொல்லுச்சு."

வேனில் இருந்தவர்கள் மூன்று எழுத்தாளர்கள். பதிப்பகம் என்று எதையும் நம்பாமல், அல்லது எந்தப் பதிப்பகமும் அவர்களை நம்பாமல், தாங்களே எழுதி, தாங்களே அச்சடித்து, தாங்களே சுமந்துபோய் விற்கிறவர்கள். ரோமுலோ ஆயொரோவாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு துப்பறியும் கதைகள் எழுதியிருக்கிறார். பேருந்து நிலையங்களில் ஏறி இறங்கி, கடலை விற்கிறவனுக்கும் கண்மருந்து விற்கிறவனுக்கும் நடுவே நின்று அவற்றை விற்பார். யோவானாவுக்கு இருபத்தாறு. கவிதை எழுதுகிறவள். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி வண்ணம் தீட்டி, கையாலேயே தைத்துப் புத்தகமாக்குவாள். மூன்றாவது ஆள் ஆர்மிந்தா தார்க்கி. ஐம்பத்து நான்கு வயது, நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒரு நாவல் எழுதியவள்.

ஒருரோவில் மறுநாள் புத்தகச் சந்தை தொடங்குகிறது. மூன்றே நாள். ரோமுலோ சாலையைத் திட்டினார், டீசலைத் திட்டினார், கடைசியில் செனோனைத் திட்டினார். யோவானா போனை உயரத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மேட்டில் ஏறினாள். ஆர்மிந்தா மட்டும் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சற்றே கையெடுத்தது போல இருந்தது. அதை எண்ணி அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

சந்தைச் சுவரொட்டியில் அவள் படம் போட்டு, 'பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு ஆர்மிந்தா தார்க்கியின் இரண்டாவது நாவல். ஆசிரியரே வாசிக்கிறார்' என்று அச்சடித்திருந்தார்கள். அப்படி ஒரு நாவல் இல்லை. ஒரு பக்கம்கூட இல்லை.

அது ஒரே நாளில் சொன்ன பொய்யல்ல. முதல் நாவல் வந்த அடுத்த வருடம் யாரோ கேட்டபோது "எழுதிட்டிருக்கேன்" என்றாள். அன்று அது உண்மையாகவும் இருந்தது. பிறகு "பாதி முடிஞ்சுது". பிறகு "திருத்திட்டிருக்கேன்". சந்தைக்காரர்கள் மார்ச்சில் போன் செய்தபோது, இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "முடிஞ்சுது" என்று வந்துவிட்டது. மடியில் இருந்த தடித்த கோப்பில் அலுவலகத்தில் பிழையாகிக் கழித்துப் போட்ட பத்திர நகல்களை அடுக்கி வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு நாவல் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. மேடையில் ஏறி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மயக்கம் போட்டு விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்திருந்தாள்.

அன்று மதியம் மறியல்காரர்களில் ஒரு பெண் வேனருகே வந்தாள். தொப்பியும் அகலப் பாவாடையுமாக, கையில் ஒரு மண்வாரி. பேர் பசீலியா. நடந்து போகச் சொன்ன அம்மா அவள்தான்.

"பெட்டியில என்ன? அரிசியா?"

"புத்தகம்மா," என்றார் ரோமுலோ.

"இவ்வளவுமா?" அவள் சிரித்தாள். "அப்ப பசிச்சாலும் தின்ன முடியாது." கொஞ்ச நேரம் கழித்து ஒரு துணியில் வேகவைத்த சோளமும் உலர்ந்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வழிவிட மாட்டோம். ஆனா பட்டினி போட மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேனின் வெயில் பக்கம் தோலைச் சுட்டது, நிழல் பக்கம் எலும்பு நடுங்கியது. மூவரும் வெயில் பக்கமாக முதுகைச் சாய்த்துச் சோளத்தைக் கொறித்தார்கள். வேறு வேலை இல்லாததால் பேச்சு அவரவர் எழுத்தைப் பற்றி வந்தது.

"ஏழாவது புத்தகத்துல என் இன்ஸ்பெக்டரைக் கொன்னுட்டேன்," என்றார் ரோமுலோ. "நெஞ்சுல சுட்டு, ஆத்துல தள்ளி, அடக்கமும் பண்ணியாச்சு. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டுல சூப் விக்கிற ஒரு அம்மா என் காலரைப் புடிச்சுட்டா. எங்கடா அவன்னு கேக்குறா. என்ன பண்றது? எட்டாவது புத்தகத்துல அவனோட கூடப் பொறந்த ரெட்டை வந்து சேந்துட்டான்."

யோவானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதுக்கப்புறமும் பதினாலு எழுதிட்டீங்களே சார்."

"நீ சிரிக்கிறே. எங்கப்பாவோட பீச் தோட்டத்தைப் பத்தி ஒண்ணு எழுதணும்னு இருபது வருஷமா நெனைக்கிறேன். சுத்தமான கதை. ஒரு பக்கம் எழுதினா, ரெண்டாவது பக்கத்துல மரத்தடியில ஒரு பொணம் கெடக்குது. நான் போடலம்மா. கை தானா போடுது."

"உங்களுக்காவது காலரைப் புடிக்க ஆள் இருக்கு. என் புத்தகத்தை வாங்கித் தடவிப் பாக்குறாங்க. எவ்வளவு அழகா தைச்சிருக்கேங்கிறாங்க. தொறக்கவே மாட்டேங்கிறாங்க. எங்க மாமா அது மேலதான் காப்பிக் கோப்பை வைக்கிறார். வெளியீட்டுக்கு ஒம்பது பேர் வந்தாங்க. ஏழு பேர் சொந்தம். மீதி ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க."

"அந்த ரெண்டு பேர்தான் வாசகர்கள்."

"மழை விட்டதும் போயிட்டாங்க சார்."

ஆர்மிந்தாவும் சிரித்தாள். யோவானா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. ஒரே நாவலோட பதினோரு வருஷம். எனக்கு ஒரு கவிதையோட பதினோரு நாள் இருக்கவே பொறுமை இல்லை. ஸ்கூல்ல உங்க நாவலைப் படிச்சப்ப டீச்சர் அழுதாங்க. நாங்க எல்லாரும் அழுதோம்."

"நான் மெதுவா எழுதுறவ," என்றாள் ஆர்மிந்தா. கையிலிருந்த சோளத்தை மணி மணியாக உதிர்க்கத் தொடங்கினாள்.

மறுநாளும் கல் நகரவில்லை. சந்தை அங்கே தொடங்கியிருக்கும். மதியம் யோவானாதான் அந்த யோசனையைச் சொன்னாள். ஆளுக்குக் கொஞ்சம் வாசிப்போம், சந்தையில் வாசிக்க இருந்ததை இங்கே வாசிப்போம் என்றாள். அவள் மூன்று கவிதை வாசித்தாள். ரோமுலோ ஒரு கொலை வாசித்தார். செனோன் இரண்டுக்கும் கைதட்டினார். பிறகு எல்லோரும் ஆர்மிந்தாவைப் பார்த்தார்கள்.

கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். முதல் தாளில், கியாகோயோவில் ஒரு வீட்டின் கீழ்ப்பாதியை இன்னார் இன்னாருக்கு விற்றது என்று இருந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லலாம். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் அது மூக்கின் மேலேயே இருந்தது. தாளைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

"ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள்," என்றாள். "ஒரு வாசல், ஒரு சமையலறை. பேச்சு இல்லை."

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அடுத்த வரியும் வந்தது. தம்பி சந்தையில் சாவி வெட்டுகிறவன். அக்கா சூப்பை அடுப்பிலேயே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள்; பிறகு அவன் வந்து ஊற்றிக்கொள்வான். காஸ் தீர்ந்தால் அவன் தூக்கி மாற்றுவான். ரொட்டி வாங்கி வந்தால் பாதியைத் துணியில் சுற்றி வைப்பான். அவளிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பூனையிடம் சொல்வான்: "நாளைக்குத் தண்ணி வராது, கேட்டியா?" மூன்று வருடம் இப்படிப் போயிற்று. பிறகு பூனை செத்துப்போயிற்று.

அவள் கண்களைத் தாளில் ஓட்டி, இடைவெளிவிட்டு, சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டினாள். இருபது நிமிடம் போனது. நிறுத்தியபோது யாரும் கைதட்டவில்லை. பசீலியா எப்போது வந்தாளோ, மண்வாரியில் சாய்ந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்றாள் பசீலியா.

"அது நாளைக்கு," என்றாள் ஆர்மிந்தா. சொன்ன பிறகுதான் நாளைக்கும் ஒன்று வேண்டும் என்பது அவளுக்கு உறைத்தது.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு வருடமாக வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்தால் கை மரத்துப்போகும். இங்கே யாரோ விற்ற வீட்டின் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று சொல்லிவிட்டாள். அதுவும் எதை? எழுதவே கூடாது என்று இருந்த ஒன்றை. வேனுக்குள் உட்கார்ந்து ஒரு பத்திரத்தின் பின்பக்கத்தில் அதே முதல் வரியை எழுதிப் பார்த்தாள். தாளில் அது செத்த மீன் மாதிரிக் கிடந்தது.

அவளுடைய முதல் நாவலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் தம்பி எலோய், உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு வளைவில் லாரியைக் கவிழ்த்தான். அம்மா அங்கேயே போய்விட்டாள். எலோய் நாலு வருடம் சிறையில் இருந்தான். வெளியே வந்து நாலு வருடம் கழித்து ஆர்மிந்தா அதை நாவலாக எழுதினாள். பேர்களை மாற்றியிருந்தாள், ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாவலில் லாரியின் பிரேக் பிடிக்கவில்லை. மகன் ஸ்டியரிங்கோடு போராடுகிறான். ஒரு குற்றமும் செய்யாதவன் சிறைக்குப் போகிறான். ஒரு பள்ளி ஆசிரியை அதைப் பாடமாக வைத்தாள், பிறகு இன்னும் சில பள்ளிகள். பிள்ளைகள் ஊர்ச் சந்தையில், சிறையிலிருந்து வந்தபின் எலோய் போட்டிருந்த சாவிக்கடையைத் தேடி வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் அவனை 'பிரேக்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புத்தகம் வந்த வாரத்தில் அதை ஒரே மூச்சில் படித்து முடித்து, சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனவன், ஒரே வீட்டில் இருந்தும் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான்.

மூன்றாம் நாள் பழப்பெட்டியைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். லாரிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். பசீலியா கால் நீட்டி உட்கார்ந்து கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். ஆர்மிந்தா தாளைத் திருப்பினாள். வீட்டுக்கு ஓடு போட்ட நாளைச் சொன்னாள். கடைசி ஓடு ஏறியதும் கூரையில் சிலுவை நட்டு, வெடி போட்டு, முற்றத்தில் குடம் குடமாகச் சிச்சா என்ற சோளக் கள்ளை வைத்ததைச் சொன்னாள். அம்மாவுக்கு இருட்டுவதற்குள் ஊருக்குப் போய் ஆட்டைப் பட்டியில் அடைக்க வேண்டும். தம்பி லாரியை எடுத்தான். வளைவு வந்தது. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் எழுதி, பள்ளி பள்ளியாகப் போய் வாசித்த வரி அது. வாயில் வேறு வந்தது.

"அவன் நிறையக் குடித்திருந்தான். வளைவை அவன் பார்க்கவில்லை."

யோவானா நிமிர்ந்தாள். "அம்மா, அதுல பிரேக்தானே?"

"இது வேற."

"யாரு ஊத்திக் கொடுத்தது?" என்றாள் பசீலியா.

"என்னது?"

"சிச்சா. தானா எடுத்தா குடிச்சான்? யாராவது ஊத்திக் கொடுத்தாத்தானே குடிப்பான். கொடுத்தா வேணாம்னு சொல்ல முடியுமா?"

"அத்தை ஒருத்தி," என்றாள் ஆர்மிந்தா.

"எந்த அத்தை? ஓடு போட்ட வீட்டுக்காரி இருக்கும்போது வேற ஒருத்தியைக் குடத்துல கை வைக்க விடுவாளா? எழுத்தாளரம்மா, உங்களுக்கு விருந்து தெரியாது போல."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஆர்மிந்தா கோப்பை மூடினாள். "இன்னிக்கு இவ்வளவுதான்" என்று எழுந்து, வேனருகே இருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினாள். பின்னால் இன்னொரு குடத்தோடு ரோமுலோ வந்தார்.

"கியாகோயோவுல அந்தப் பாதி வீடு நல்ல வெலைக்குத்தான் போயிருக்கு போல," என்றார் அவர்.

அவள் நின்றுவிட்டாள்.

"வெயிலுக்கு எதிரா தாளைப் புடிச்சிருந்தீங்க. முத்திரை இந்தப் பக்கம் தெரிஞ்சுது. முந்தாநேத்தே பாத்தேன்... இல்ல, நேத்து. நாளெல்லாம் கொழம்பிப்போச்சு. இருபத்திரண்டு துப்பறியும் கதை எழுதினவன் கண்ணுல இதுகூடப் படலன்னா எப்படி?"

"யோவானாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க தம்பி ஏன் பேசறதில்ல?"

தம்பி என்று அவர் சொன்னதை அவள் மறுக்கவில்லை. "வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனேன்னுதான்."

"அவர் சொன்னாரா?"

"பேசாதவன் எப்படிச் சொல்வான்?"

"அப்ப நீங்க கேக்கலை." அவர் குடத்தை ஓடையில் அமிழ்த்தினார். "கோர்ட்டுல அவர் என்ன சொன்னாரு?"

"குடிச்சிருந்தேன்னு சொன்னான். பிரேக் புடிக்கலன்னு சொல்லுன்னு வக்கீல் எவ்வளவோ சொன்னார். மாட்டேன்னுட்டான்."

குடம் நிறையும் சத்தம் கேட்டது. ரோமுலோ அதை வெளியே எடுக்காமலேயே நின்றார்.

"ஆர்மிந்தா, அந்த மனுஷன் எல்லார் முன்னாலயும் நின்னு சொன்ன உண்மை அது. அதை நீங்க புத்தகம் போட்டு இல்லேன்னுட்டீங்களே."

"நான் அவனைக் காப்பாத்தத்தான்..."

"அவரை மட்டுமா?"

அவள் தன் குடத்தை ஓடையில் இறக்கினாள். தண்ணீர் பனி மாதிரி இருந்தது. விரல்கள் குடத்தின் கழுத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் வலித்தன. அன்று முற்றத்தில் அவள் போட்டிருந்த புது ஏப்ரன் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரி என்ற பெருமை. எலோய், "போதும்க்கா, வண்டி எடுக்கணும்" என்றான். "என் வீட்டுக் கூரைக்குக் குடிக்க மாட்டியா?" என்று அவள் சுரைக்குடுக்கையை நீட்டினாள். அவன் குடித்தான். அவள் திரும்ப நிரப்பினாள். பதினோரு வருடமும் எந்தக் கதையைத் தொட்டாலும், மூன்றாம் பக்கத்திலோ நான்காம் பக்கத்திலோ அந்தக் குடுக்கையை நீட்டும் கை வந்துவிடும். உடனே எழுத்து நின்றுவிடும். எந்த வழியாகப் போனாலும் அதே முற்றம்தான். அதற்கு வேறு வாசல் கிடையாது.

நாலாம் நாள் காலை டீசல் வண்டிகள் வந்தன. பசீலியாவும் மற்றவர்களும் பாறைகளைப் புரட்டித் தள்ளினார்கள். ஒருரோ சந்தை அன்று மதியத்தோடு முடிகிறது. போய்ச் சேர மாலை ஆகிவிடும். பேருந்து நிலையத்திலாவது விற்கலாம் என்றார் ரோமுலோ. பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது யோவானா ஆர்மிந்தாவின் கோப்பைத் தொட்டாள்.

"அம்மா, அந்தப் பூனை வர்ற அத்தியாயத்தை எனக்குக் கொடுங்களேன். தனியா சின்னப் புத்தகமா தைக்கிறேன். நல்ல அட்டை வச்சிருக்கேன். போன்ல படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுறேன்."

நல்ல நேரம் பார்த்துச் சந்தையும் தவறிப்போயிற்று. "அப்புறம் அனுப்புறேன்" என்று சொன்னால் போதும். பதினோரு வருடம் சொன்ன பொய்க்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்திருக்கும். ஆர்மிந்தா கோப்பை அப்படியே அவள் கையில் கொடுத்தாள்.

யோவானா முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். நடுவில் பிரித்துப் பார்த்தாள். "இதெல்லாம் வீட்டுப் பத்திரம்."

"ஆமா."

"அப்ப நீங்க வாசிச்சது?"

"வாசிக்கல. சொன்னேன். நாவல்னு ஒண்ணு இல்ல யோவானா. இருந்ததே இல்ல."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "நான் ஒரு வரிக்கு ஒரு வாரம் சாகுறேன். நீங்க வெறும் வாயில, கையில பத்திரத்தை வச்சுக்கிட்டு..." அவள் கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க டீச்சர் உங்க பேரைச் சொல்லித்தான் என்னை எழுதச் சொன்னாங்க. பொறுமையா இருக்கக் கத்துக்கோன்னாங்க."

ஆர்மிந்தா கோப்பை வாங்கிக்கொண்டாள். யோவானா வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபக்கம் பார்த்தாள். ரோமுலோ இறங்கி வந்து, "நீங்க வரலையா?" என்றார். ஆர்மிந்தா இல்லை என்று தலையசைத்தாள். எதிர்ப்பக்கம் கோச்சபம்பாவுக்குத் திரும்பும் ஒரு லாரியைப் பசீலியா கைகாட்டி நிறுத்தி, "இந்த எழுத்தாளரம்மாவை ஏத்திக்கோ. கதையைப் பாதியில விட்டுட்டுப் போறாங்க" என்றாள்.

வழி நெடுக ஆர்மிந்தாவின் பார்வை ஓட்டுநரின் காலிலேயே இருந்தது. அவன் இரண்டு முறை, "பயப்படாதீங்க, புது பிரேக்" என்றான்.

வீடு வந்தபோது மாலை ஐந்து. எலோய் அன்று சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு வந்து, சமையலறையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தான். நாலு நாளாகச் சூப் வைக்க ஆள் இல்லை. அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழப்போனான்.

"எலோய், இரு."

அவன் எழுந்தும் எழாமலும் நின்றான்.

"நான் எழுதினதுக்காகப் பேச மாட்டேங்கிறேன்னு இத்தனை நாளா நெனைச்சிட்டிருந்தேன். அதுக்காகத்தானா?"

அவன் உட்கார்ந்தான். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் குரல் மாறியிருந்தது. சந்தையில் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறாள். தன்னைப் பார்த்துப் பேசும் குரலாகக் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அப்பாவின் குரல் மாதிரி கரகரவென்று இருந்தது.

"முந்தின வாரம்தான் நானே மாத்தினேன்," என்றான். "லாரியில ஒரு கொறையும் இல்ல. ஊர்ல ஒவ்வொருத்தனும் வந்து தோள்ல தட்டுறான். பாவம், செய்யாத தப்புக்கு உள்ள போனியேங்கிறான். இல்லடா, நான்தான்னு சொன்னா, அக்கா எழுதியிருக்காங்களேங்கிறான். அம்மாவுக்காக நான் நாலு வருஷம் உள்ள இருந்தேன். உன் புத்தகத்துக்கு அப்புறம் அது ஒண்ணுமில்லாமப் போச்சு."

ஆர்மிந்தா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஊத்திக் கொடுத்தது நான்."

"தெரியும்."

"நீ போதும்னு சொன்னே."

"தெரியும்கிறேன்ல. கோர்ட்டுல அதை நான் சொல்லல. நீயா ஒருநாள் சொல்லுவேன்னு இருந்தேன். புத்தகம் போடுறேன்னதும், சரி, அதுல இருக்கும்னு நெனைச்சுத்தான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்."

தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதை அணைக்கப் போகவில்லை. வெளியே போய்விட வேண்டும் போல அவளுக்கு இருந்தது, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எலோய் நிறுத்தவும் இல்லை. வளைவுக்கு முன்னால் அம்மா என்ன சொன்னாள், எங்கே இறக்கிவிடச் சொன்னாள், அவன் ஏன் நிறுத்தவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கேட்கவே மாட்டோம் என்று அவள் ஒதுக்கி வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. அவள் கேட்டாள்.

கடைசியில், "எழுதட்டுமா?" என்றாள்.

"எழுது. எழுதாம இரு. ஆனா என்னை இனிமே காப்பாத்தாதே."

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆர்மிந்தா, நாவலை முதலில் பாடமாக வைத்த ஆசிரியையைப் போய்ப் பார்த்து, அதில் இருப்பது பொய் என்றாள். "கதைதானேம்மா. பிள்ளைகளுக்கு அந்தப் பிரேக் இடம்தான் ரொம்பப் பிடிக்குது" என்றாள் ஆசிரியை. இந்த வருடமும் அதுதான் பாடம். யோவானாவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. ரோமுலோ மட்டும் எப்போதாவது போன் செய்து, பீச் தோட்டத்தில் மறுபடியும் பிணம் விழுந்துவிட்டது என்று புலம்புவார்.

ஒன்பது மாதத்தில் ஆர்மிந்தா பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாள். முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் எலோய் கேட்டு வாங்குகிறான். கடையிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து, சமையலறையில் உட்கார்ந்து, பென்சிலோடு படிக்கிறான். லாரி பச்சை இல்லை என்கிறான். அன்றைக்கு மழை வரவில்லை, மேகம்தான் இருந்தது என்கிறான். அவள் திரும்ப எழுதுகிறாள். சொந்தமாக ஒரு வாக்கியத்தை ஓடவிட முடியவில்லை. ஓடவிட்டால் பென்சில் வந்து மறிக்கிறது. சில நாள் அந்தப் பேசாத வருடங்களே தேவலை என்றுகூட அவளுக்குத் தோன்றுகிறது.

இப்போது பதினாறாம் பக்கத்தில் நிற்கிறது. முற்றம், குடம், புது ஏப்ரன். அவள் மூன்று முறை ஊற்றிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாள். எலோய் அதை அடித்து இரண்டு என்று போட்டான்.

"மூணு," என்றாள் அவள்.

"ரெண்டுதான். மூணாவது நானா எடுத்தது."

"நான்தான் கொடுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"குடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

மூன்று வாரமாக இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் விடுவதாக இல்லை, அவளும் விடுவதாக இல்லை. பதினேழாம் பக்கம் தொடங்கவில்லை.